சங்கு அண்ணன் பொட்டு வைத்த விமானம்

மலாக்கா மாநிலத்தில் உயிரோடு நடமாடிய அத்தனை பேரையும் ஒருமுறையாவது மனத்துக்குள் அடக்கம் செய்து பார்த்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் சங்கு அண்ணன்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் அவர் கண் மாப்பிள்ளையின் மாலைக்குப் போகாது. மாப்பிள்ளை வந்த காரின் டயருக்குப் போகும். "டயரு வழுக்கையாக் கெடக்கு. மறுவீட்டுக்குப் போறதுக்குள்ள ஏதாச்சும் ஆகும் பாரு," என்பார், பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. பக்கத்து இலைக்காரருக்குப் பாயசம் தொண்டையில் இறங்காது.

தெங்கேராவில் இருந்த ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில், விபத்துப் பிரிவில் அவருக்கு வேலை. மோட்டார் சைக்கிளில் போனவன் லாரிக்கு அடியில் போனாலும், தோட்டத்து டிராக்டர் கவிழ்ந்தாலும், அந்த வீடு தமிழ் வீடாக இருந்தால் ஆபீஸ் இவரைத்தான் அனுப்பும். போய்ப் பாயில் உட்கார்ந்து, அழுகிற பெண்ணிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். சில வீடுகளில் போலீஸ் வருவதற்கு முன்பே இவர் போய் நின்றதும் உண்டு. அப்போது சேதியையும் இவரே சொல்ல வேண்டியதாகிவிடும். சாவு வீட்டில்தானே சங்கு ஊதுவார்கள் என்று ஆபீஸ் பையன்கள் வைத்த பெயர், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சங்கு அண்ணன் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். முதல் நாள் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும் அவர் காட்டியது அறையை அல்ல. "கரண்டு மெயின் இங்க இருக்கு. ஷாக் அடிச்சா உன்ன நான் தொட மாட்டேன். தொட்டா நானும் போயிருவேன். கம்பால தள்ளுவேன், கோவிச்சுக்காதே," என்றார். அண்ணி அடுப்பங்கரையிலிருந்து, "தம்பி, காப்பி குடிக்கிறீங்களா?" என்றார். கணவர் சொல்வதைக் காதில் வாங்கி அங்கேயே இறக்கி வைத்துவிடும் வித்தை அண்ணிக்குக் கைவந்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் எனக்குப் பறக்கும் பைத்தியம் பிடித்தது. டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில், முன்பு மருந்தடிக்கும் விமானம் இறங்கிய பழைய ஓடுபாதை ஒன்று புல் மண்டிக் கிடந்தது. பாக் டின் என்ற ஓய்வு பெற்ற விமானப்படைக்காரர் அதைச் செதுக்கிச் சீராக்கி, ஓர் இலகு விமானத்தை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரர். நம் பேச்சு அவருக்கு நன்றாக வரும். விமானம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அலுமினியக் குழாய், துணி, கம்பி, தலைக்கு மேல் ஒரு றெக்கை, முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின். புல்வெட்டும் மெஷினுக்கு அண்ணன் முறை வேண்டும்.

சேதியை இரவுச் சாப்பாட்டில் மெல்ல அவிழ்த்தேன். சங்கு அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எத்தன சக்கரம்?"

"மூணுண்ணே."

"கதவு?"

"கதவு இல்ல."

"கூரை?"

"றெக்கைதான் கூரை."

"அப்பப் பெட்டி மட்டும் வாங்குனாப் போதும்," என்றார். பிறகு ரசம் ஊற்றிக்கொண்டார். கை கழுவப் போகும்போதுதான் உண்மையான கவலை வெளியே வந்தது. "நீ பாட்டுக்குச் செத்துருவே. அலோர் காஜால ஒங்கம்மா இருக்காங்க. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது? நான்தானே போவணும்."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூட அவர் என்னைத் தனியாக விடவில்லை. தன் பழைய காரில் அவரே கொண்டுபோய் விடுவார். கார் நாற்பதைத் தாண்டாது. ஐஸ்கிரீம் விற்கிற மோட்டார் சைக்கிள்கூட மணியடித்துக்கொண்டு எங்களை முந்திப் போகும். வழி நெடுக அவர் உதடு முணுமுணுக்கும். ஏதோ சாமி பாட்டு என்று முதலில் நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, என் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்த எடுப்புல சேதியச் சொல்லக் கூடாது," என்று எனக்கே பாடம் நடத்தினார். "'அம்மா, உட்காருங்க'ன்னு சொன்னாப் போதும். பாதி வெளங்கிரும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணி கேக்கணும்."

"தண்ணி எதுக்குண்ணே?"

"மயக்கம் வந்தாத் தெளிக்க. ஒங்கம்மாவுக்குப் பிரஷர் இருக்கா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. வாசல்லயே சொல்லிரலாம்."

தன் சாவுச் சேதியைத் தானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? திடலுக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கே என் மேல் இரக்கம் பொங்கிவிடும்.

திடலிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் ஊரிலிருந்து ஒரு பல் டாக்டர், புதுக் கறுப்புக் கண்ணாடியோடு பறந்து பார்க்க வந்தார். சங்கு அண்ணன் குடையோடு பக்கத்தில் போய் மரியாதையாகக் கேட்டார்: "டாக்டருக்கு ஆம்பளப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க. ஏன்?"

"கொள்ளி வைக்க ஆள் இருக்கான்னு பாத்தேன். தம்பி மகன் யாராச்சும் இருந்தாலும் போதும்."

டாக்டருக்குத் திடீரென்று கிளினிக்கில் ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது. பாக் டின் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவரு ஒரு நாள் வந்தா ஒரு ஸ்டூடன்ட் போச்சு லா," என்று என்னிடம் புலம்பினார். ஆனால் அவரே சாப்பாட்டு வேளையில் சங்கு அண்ணனை உட்கார வைத்து, இந்த மாதிரி விமானங்கள் எப்படியெல்லாம் விழும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தார். கேட்கிறவருக்கு அவ்வளவு ஆசை இருந்தால் சொல்கிறவருக்கும் வாய் நிற்காது.

அப்படிக் கற்றுக்கொண்டவற்றில் ஒன்று சங்கு அண்ணனைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. தரையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டால், ஓடுபாதைக்குத் திரும்பி வரத்தான் யாருக்கும் மனம் வரும். திரும்பக் கூடாது. உயரமும் வேகமும் இல்லாமல் திரும்பினால் றெக்கை காற்றைத் தாங்காது, தலைகுப்புற விழும். எதிரே மரமோ மண்ணோ எது இருந்தாலும் நேராகப் போய் இறங்குவதுதான் பிழைக்க வழி. இதை அவர் எனக்கு ஞாபகப்படுத்தாத நேரம் கிடையாது. நான் குளித்துக்கொண்டிருப்பேன். கதவுக்கு வெளியே குரல் கேட்கும்.

"இன்ஜின் நின்னாத் திரும்புவியா?"

"மாட்டேண்ணே."

"சோப்பு போட்டுக்கிட்டே சொல்றே. மனசுலேருந்து சொல்லு."

நான் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று சங்கு அண்ணன் விமானத்துக்கு முதுகைக் காட்டி, செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றாராம். இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகு திரும்பாமலேயே பாக் டின்னிடம், "முழுசா எறங்கியிருக்கானா?" என்று கேட்டாராம். எனக்கு எரிச்சலாக இருந்தது. வானத்திலிருந்து இறங்கி வருகிறவனை மாலை போட்டு வரவேற்க வேண்டாம், திரும்பியாவது பார்க்கலாம் அல்லவா?

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. நமக்குச் சோறு போடும் எதுவும் அன்று பொட்டில்லாமல் இருக்கக் கூடாது என்பது நம்மவர்கள் வழக்கம். ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியிலிருந்து தொழிற்சாலை மெஷின் வரைக்கும் சந்தனம் ஏறும். விமானத்துக்கும் பூசை போட வேண்டும் என்று சங்கு அண்ணன் கிளம்பினார். பூசையிலும் அவர் கவனத்துக்குக் குறைவில்லை. தேங்காயைத் தூரமாகப் போய் உடைத்தார். சில்லு ஏதாவது பறந்து இன்ஜினின் காற்றாடியில் பட்டுவிடும் என்று, தரையில் குனிந்து சிரட்டையைத் துண்டு துண்டாகப் பொறுக்கினார். பாக் டின் ஒதுங்கி, கைகளை முன்னால் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்.

பொட்டு விஷயத்தில்தான் சங்கு அண்ணன் தன் முழு மூளையையும் செலவழித்திருந்தார். சாதாரணச் சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். "காத்துல போற வண்டி. பொட்டு பறந்து போச்சுன்னா அபசகுனம்," என்று சந்தனத்தோடு மஞ்சளும் அரிசி மாவும் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்து வந்திருந்தார். இன்ஜினுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, என் இருக்கைக்கு ஒன்று. பெட்ரோல் ஊற்றும் எண்ணெய்த் தொட்டியின் மூடிக்கு நடுவில், கட்டை விரலால் அழுத்தி, மற்றதைவிடப் பெரிதாக ஒன்று. எண்ணெய்தானே உயிர் என்றார். கடைசியில் சூடத்தைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இனிமே ஒனக்கு ஒண்ணும் ஆகாது போ."

அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காரில் ஒத்திகை இல்லை. சங்கு அண்ணன் ஒரு பழைய பாட்டைச் சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்தார். திடலில் பாக் டின் விமானத்தைக் கழுவி வைத்திருந்தார். பொட்டுகள் அப்படியே இருந்தன. உங்கள் சாமி விஷயம், நான் தொடக் கூடாது என்று ஒவ்வொரு பொட்டையும் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறார். நானும் எண்ணெய்த் தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தேன். இருந்தது. நடுவில் மஞ்சள் பொட்டு அழகாகக் காய்ந்து, ஓடு மாதிரி கெட்டியாகியிருந்தது.

இரண்டு சுற்று நன்றாகப் போயிற்று. மூன்றாவது முறை தரையைத் தொட்டு மேலே ஏறும்போது, முதுகுக்குப் பின்னால் இன்ஜின் ஒருமுறை இருமியது. மறுபடி இருமியது. நின்றுவிட்டது. அந்த மாதிரி ஓர் அமைதியை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஓடுபாதை எனக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது. உடம்பு முழுவதும் திரும்பு திரும்பு என்றது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு குரல், "திரும்புவியா?" என்றது.

மாட்டேண்ணே என்று வாய்விட்டே சொன்னேன். மூக்கைத் தாழ்த்தி நேரே போனேன். எதிரே புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகள், இடுப்பளவு உயரம். முதல் வரிசை சக்கரத்தைப் பிடுங்கியது, இரண்டாவது வரிசை றெக்கையைப் பிடுங்கியது, மூன்றாவது வரிசையில் என் இடது கால் சிக்கியது. பிறகு எல்லாம் நின்றது. முள் குத்தாத இடம் உடம்பில் இல்லை.

முதலில் ஓடி வந்தவர் சங்கு அண்ணன். விரித்த குடையை மடக்கக்கூட மறந்து ஓடி வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். இத்தனை காலமும் இதற்காகவே தயாராக இருந்த மனிதருக்கு, அப்போது பேச ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"இருக்கியாடா?" என்றார் கடைசியில்.

"இருக்கேண்ணே. கால்தான்."

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த பாக் டின் என் காலுக்கு இரண்டு குச்சியை வைத்துக் கட்டினார். தோட்டத்து வேனுக்கு ஆளனுப்பிவிட்டு இன்ஜின் பக்கம் போனார். பிளாஸ்டிக் எண்ணெய்த் தொட்டி, உறிஞ்சிக் குடித்து முடித்த பாக்கெட் பானம் மாதிரி உள்ளே ஒட்டிப்போயிருந்தது. அவர் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது. தொட்டி மெல்லப் பழைய வடிவத்துக்கு உப்பியது.

"காத்து உள்ள போகல. மூடில ஒரு சின்ன ஓட்ட இருக்கும். எண்ண கொறையக் கொறைய அது வழியாத்தான் காத்து போவும். அது அடச்சுப் போச்சு..." என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தவர், மூடியைத் திருப்பிப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. கட்டை விரலால் அந்தப் பொட்டை மூடிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் விரலைச் சுற்றி மஞ்சள் தெரிந்தது. சங்கு அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் அலோர் காஜாவுக்குப் போனார். அங்கே நடந்ததை அம்மா பிறகு சொல்லிக் கேட்டதுதான். வாசலில் நின்று, "அம்மா, உட்காருங்க," என்றிருக்கிறார். அம்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதைத் தானே குடித்திருக்கிறார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவர் ஒத்திகை பார்த்ததெல்லாம் நான் செத்துப்போன கதைக்கு. கால் ஒடிந்த கதைக்கு அவரிடம் வசனம் இல்லை. அவர் சொம்போடு நின்று அழுததைப் பார்த்து அம்மா அலற, அம்மா அலறியதைக் கேட்டுத் தோட்டத்து லயத்தில் குடியிருந்த எல்லாரும் திரண்டுவிட்டார்கள். "காலு... காலுதான்," என்று அவர் ஒருவழியாகச் சொல்லி முடிப்பதற்குள், என் சித்தப்பா வாசலில் பந்தலுக்கு இரண்டு கம்பு நட்டிருந்தார்.

அன்று மாலை என் கட்டிலைச் சுற்றித் தோட்டமே நின்றது. பாதிப் பேர் சாவுக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். அம்மா என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒடியாத காலில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

கால் சேர மாதக்கணக்காயிற்று. அந்த மாதங்களில் சங்கு அண்ணன் என்னைக் குளிப்பாட்டினார், கஞ்சி கொடுத்தார், கைத்தாங்கலாகக் கழிவறைக்கு நடத்தினார். ஆனால் யாருக்கும் கெட்டது சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையன் ஹெல்மெட் இல்லாமல் போனான், பார்த்துக்கொண்டு நின்றார். கேஸ் அடுப்பு வாடை அடித்தது, எழுந்து போய் மூடிவிட்டு வந்தார். ஒரு நாள் அண்ணி என் அறைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வீட்டுல இப்பல்லாம் யாரும் சாவவே மாட்டேங்கிறாங்க தம்பி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நீங்கள் சொல்லிச் சொல்லித்தான் நான் திரும்பாமல் நேரே போனேன், திரும்பியிருந்தால் இன்றைக்கு நான் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டுவார். அந்தச் சமாதானம் அவருக்குள் இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை, எனக்குக் கஞ்சி ஊட்டும்போது வாய் திறந்தார். "ஊருல இருக்கிற ஓட்டையெல்லாம் பாத்தேன்டா. என் கையால அடச்ச ஓட்டைய மட்டும் பாக்கல." ஜாக்கிரதையாக இருந்தே ஒரு மனிதன் இன்னொருவனைக் கொல்லப் பார்க்கலாம் என்றால், பிறகு எதை நம்பி வாழ்வது? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவர் விபத்துப் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டிருக்கிறார் என்பதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன்.

பாக் டின் விமானத்தைச் சரிசெய்துவிட்டார். நானும் நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தேன். ஒரு ஞாயிறு, திடலுக்குப் போக வேண்டும் என்றேன். சங்கு அண்ணன் மறுக்கவில்லை. சாவியை எடுத்தார். காரை அறுபதில் ஓட்டினார். அவர் அறுபதில் ஓட்டுவதைப் பார்த்து நான் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

திடலில் அவர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் விமானத்தைச் சுற்றிப் பார்த்தேன். பொட்டு ஒன்றுகூட இல்லை. மூடியில் ஓட்டைக்குப் பதிலாக வளைந்த குழாய் ஒன்றைப் பாக் டின் வைத்திருந்தார். ஏறினேன், பெல்ட்டைப் போட்டேன், இன்ஜின் ஓடியது. கை மட்டும் முன்னால் போக மறுத்தது. நான் சாவேன் என்று அன்று யாருமே சொல்லவில்லை. கேட்கும்போது எரிச்சலாக இருந்த பேச்சு, இல்லாமல் போனபோது அநாதை மாதிரி இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டுப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணே, ஏதாச்சும் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல. நான் வச்ச பொட்டுதானே ஒன்னத் தள்ளுச்சு."

"நீங்க சொல்லாம எனக்கு ஏற முடியலண்ணே."

அவர் கதவைத் திறந்து இறங்கி, விமானத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். மூடிக்குப் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றார். கை நீட்டவில்லை. கடைசியில் வானத்தைப் பார்த்து, வறண்ட குரலில் சொன்னார்: "காத்து சரியில்ல. போனா விழுவே."

திடலின் ஓரத்தில், காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் இலை அசையவில்லை. பாக் டின் காற்றுப்பையைப் பார்த்தார், சங்கு அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமா லா," என்றார். "இன்னைக்குக் காத்து ரொம்ப மோசம்."

நான் தலைக்கவசத்தைக் கழற்றிப் பாக் டின்னிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பறக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் நாற்பதுக்கு இறங்கியிருந்தது. "முன்னால போற லாரிக்காரன் சைடு காட்டாமத் திரும்புவான் பாரு. நம்ம ரெண்டு பேரும் காலி," என்றார் சங்கு அண்ணன். நான் இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். லாரி திரும்பவில்லை. நாங்கள்தான் திரும்பினோம், அலோர் காஜா சாலையில். அவர் உதடு முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.

"என்னண்ணே?"

"ஒங்கம்மாகிட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லிப் பாக்குறேன்."

"சொல்லுங்க, கேப்போம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, உட்காராதீங்க. எல வச்சு சோறு போடுங்க. ஒங்க புள்ள பசியோட வந்திருக்கான்."

அவர் எனக்கு உறவு இல்லை, வாடகைக்கு அறை கொடுத்தவர். ஆனால் நான் உயிரோடு இருக்கிறேனா என்று என் அம்மாவுக்கு அடுத்தபடி அவ்வளவு பயந்து பயந்து பார்த்துக்கொண்டவர், இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.